குவாத்தமாலாவில் மழை எப்படி

எங்கள் ஊர் தேவாரத்தில், தெருவில் பாதிப் பேரிடம் டெல்லி எந்தத் திசை என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வார்கள். ஆனால் குவாத்தமாலா என்று சொன்னால் டீக்கடையில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். மேலே கேரள மலையில் ஏலத்தோட்டம் வைத்திருந்தவர்களுக்கு அது ஆகாத பங்காளியின் பெயர். அந்த நாட்டில் ஏலக்காய் நன்றாக விளைந்தால், போடியில் வியாபாரிகள் ஏலம் கேட்கும்போது எங்கள் காய்க்கு விலை இறங்கும். அங்கே கெட்டால் இங்கே ஏறும். காபியில் ஏலக்காய் போட்டுக் குடிக்கிற அரபு நாட்டுக்காரர்கள் யார் மலிவாகக் கொடுக்கிறார்களோ அவர்களிடம் வாங்கினார்கள். அவர்கள் மேல் என்ன குற்றம் சொல்ல முடியும்?

எங்களுக்கும் மலையில் ஒரு சின்னத் தோட்டம் இருந்தது. கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் விடியற்காலை ஜீப்பில் போய்ப் போய்த் தன் கையால் செடி வைத்து உண்டாக்கியது. அதைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் இளகும். என்னைப் பற்றிப் பேசும்போதுகூட அப்படி இளகியதில்லை என்று நான் குத்திக் காட்டுவேன். சிரிப்பாரே தவிர, இல்லை என்று சொல்ல மாட்டார்.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, வீட்டு முன்னறையில் நான் இன்டர்நெட் சென்டர் திறந்தேன். படித்துவிட்டு அடுப்படியிலேயே கிடக்கிறேனே என்ற ஆதங்கம் எனக்கு. திறப்பு விழாவுக்கு ஒரு கல்லூரிப் பேராசிரியரைக் கூப்பிட்டிருந்தோம். நல்ல மனுஷர், நன்றாகவும் பேசினார். இது அறிவுச் சமுதாயத்தின் காலம், இனி அறிவுதான் மூலதனம், உலகமே ஒரு கிராமமாகிவிட்டது, விவசாயி வீட்டில் உட்கார்ந்தபடியே உலகச் சந்தையை ஆளலாம் என்றார். எனக்குப் புல்லரித்துப் போனது. கேசரித் தட்டை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் காதோரம் குனிந்தார்.

"உலகமே ஒரு கிராமம்னு சொல்றாகளே, அந்தக் கிராமத்துக்கு நாட்டாமை யாருன்னு சொன்னாகளா?"

முழங்கையால் ஒரு இடி கொடுத்தேன். அவர் அப்படித்தான், எதையும் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார். வெளிநாட்டு விதை என்றால் சந்தேகம், புதுச் சட்டம் என்றால் சந்தேகம். உலகத்தோடு நம்மைச் சேர்த்துக் கட்டுகிறார்கள் சரி, கயிற்றின் நுனி யார் கையில் இருக்கிறது என்று கேட்பார். உங்களுக்கு நிழலைக் கண்டாலும் சந்தேகம் என்பேன் நான்.

அப்படிப்பட்டவர்தான் மறுநாள் காலையில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். "அங்கன மழை எப்படின்னு பாரு புள்ள" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. படம் மெதுவாக மேலிருந்து கீழே இறங்கி வருவதற்குள் டீ ஆறிவிட்டது. நல்ல வெயில் என்று போட்டிருந்தது. விஷயம் தெருவில் பரவி, தோட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். மற்ற ஊர்களில் பிள்ளைகள் பரீட்சை முடிவு பார்க்க வருவார்களாம். என் கடையில் வேட்டியை மடித்துக் கட்டிய பெரியாட்கள், அறியாத ஒரு நாட்டின் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெயில் என்றால் முகம் மலரும். காயட்டும் என்று வாய்விட்டே சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

ஒரு வருஷம் அறுவடை நேரம் முழுக்க அங்கே வெயிலாகவே காட்டியது. காயை விற்க வேண்டாம், விலை ஏறப்போகிறது என்று எல்லோரும் மூட்டையைக் கட்டி வீட்டில் அடுக்கினார்கள். எங்கள் படுக்கையறையிலும் மூட்டை. உடுத்துகிற சேலை, தலையணை எல்லாம் ஏலக்காய் வாசம். விலை ஏறவில்லை, இறங்கியது. பிறகுதான் ஒரு வியாபாரி சொல்லித் தெரிந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது அந்த நாட்டுத் தலைநகரின் வானம். காய் விளைகிற மலை வேறு பக்கம், அங்கே வேண்டிய மழை பெய்து செடியெல்லாம் காய்த்துக் குலுங்கியிருக்கிறது. சென்னையில் வெயிலைப் பார்த்துவிட்டு குமுளியில் குடையை மடக்கிய கதைதான். ஊரே தலையில் அடித்துக்கொண்டு சிரித்தது. சிரித்துத்தானே ஆக வேண்டும்.

அந்த அடிதான் எங்களைச் சாய்த்தது. அடுத்த வருஷம் எங்கள் செடிகளுக்கு அழுகல் நோய் வேறு. எர்ணாகுளத்திலிருந்து ஒருவர் தோட்டத்தை விலைக்குக் கேட்டு வந்து பார்த்துவிட்டுப் போனார். செடியைப் பிடுங்கிவிட்டு விருந்தாளிகளுக்கு விடுதி கட்டப் போகிறாராம். யோசித்துச் சொல்கிறோம் என்றோம், ஆனால் யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை. என் வீட்டுக்காரர் மலைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். போனாலும் செடிகளுக்கு முகம் கொடுக்காமல் திரும்பி வருகிறவர் போலத்தான் வருவார். சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது. விற்றுத் தொலைத்தால் இந்த முகத்தைப் பார்க்காமலாவது இருக்கலாம் என்று நினைப்பேன், அடுத்த நிமிஷமே வேண்டாம் என்று நானே தலையை ஆட்டிக்கொள்வேன்.

புரட்டாசி கடைசியில் அங்கே புயல் அடித்தது. இந்த முறை ஊருக்கே விவரம் தெரியும், மலைப்பக்கத்தையே தேடிப் பார்த்தோம். மண் சரிந்து ஊர் ஊராக மூடியிருந்தது. கடையில் நின்றிருந்தவர்கள், காயை இப்போது விற்க வேண்டாம் என்று சொல்லப் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். தெருவில் யாரோ வெடி போட்டார்கள். நானும் சந்தோஷப்பட்டேன், மறைக்க மாட்டேன். தோட்டம் பிழைத்தது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

என் வீட்டுக்காரர் மட்டும் எழுந்திருக்கவில்லை. படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னார். சரிந்த மண்மேட்டின் ஓரத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். முழங்கால் வரை சேறு. இடுப்பில் கூடை கட்டியிருந்தாள், மலையில் காய் எடுக்கிற நம் பெண்கள் கட்டுகிற அதே மாதிரி.

"இவ வீட்டுலயும் ஒருத்தர் இப்படி உக்காந்து நம்ம மழையப் பாத்திருப்பாகளோ?" என்றார்.

பார்த்திருப்பார்கள் என்றேன்.

"இங்கன பெய்யக் கூடாதுன்னு நெனச்சிருப்பாகளா?"

அது யாருக்குத் தெரியும் என்றேன்.

"நாம நெனச்சமே" என்றார்.

கார்த்திகைக்குள் விலை ஏறியது. எர்ணாகுளத்துக்காரருக்கு, தோட்டம் விற்பதற்கில்லை என்று சொல்லி அனுப்பினோம். என் வீட்டுக்காரர் மறுபடி ஜீப்பில் மலைக்குப் போக ஆரம்பித்தார், சோறும் இறங்கியது. ஆனால் அந்தப் பேச்சை எடுத்தால் முகம் வாடிவிடும். இத்தனை நாள் யாரோ தன்னை ஏமாற்றுகிறார்கள் என்று சந்தேகப்பட்ட மனுஷர். இப்போது அவருக்கு வந்தது வேறு சந்தேகம். முகம் தெரியாத ஒருத்தியையும் தன்னையும், இரண்டு பேரையும் கேட்காமலே, ஒருவர் கெட்டால்தான் ஒருவர் பிழைக்கலாம் என்று யார் சேர்த்துக் கட்டினார்கள் என்று என்னிடம் கேட்டார். பேராசிரியர் சொன்ன அறிவு வீடு தேடி வந்தது உண்மைதான். அது கூடவே அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வரும் என்று அன்றைக்கு அவர் சொல்லவில்லை.

தோட்டம் தங்கியதற்கு அம்மனுக்கு ஒரு அர்ச்சனை செய்துவிட வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவரைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். தேங்காய் பழத் தட்டை வாங்கிக்கொண்டு, யார் பேருக்கு என்று பூசாரி கேட்டார். எங்கள் பெயரைச் சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"குவாத்தமாலா."

பூசாரி என்னைப் பார்த்தார். அது யார் என்றார்.

"ஒறவுக்காரகதான். நட்சத்திரம் தெரியல" என்றார் என் வீட்டுக்காரர்.

நட்சத்திரம் தெரியாவிட்டால் சாமி பேருக்கே செய்துவிடலாமே என்றார் பூசாரி. வேண்டாம், பேர் சொல்லியே செய்யுங்கள் என்று இவர் நின்றார். பூசாரி அந்தப் பெயரைத் தட்டுத் தடுமாறிச் சொல்லி, பூப்போட்டு, சூடம் காட்டி, குங்குமத்தை அவர் கையில் கொடுத்தார்.

வர முடியாதவர்கள் பேருக்கு அர்ச்சனை செய்தால் குங்குமத்தைத் தாளில் மடித்துக் கொண்டுபோய் அவர்களிடம் கொடுப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அவரும் பழக்கத்தில் ஒரு துண்டுத் தாளைத் தேடினார். பிறகு கையில் குங்குமத்தோடு அப்படியே நின்றுவிட்டார். எங்கே கொண்டுபோய் யாரிடம் கொடுப்பார்? அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இங்க குடுங்க. அவளுக்கும் சேத்து எனக்கே வச்சு விடுங்க" என்று நெற்றியைக் காட்டினேன்.

வைத்துவிட்டார். கொஞ்சம் மூக்கில் சிந்தியது. நான் அதைத் துடைக்காமலே வீட்டுக்கு வந்தேன்.