தாய்மாமன் வாயைத் திறக்கவில்லை

போன ஞாயிற்றுக்கிழமை கச்சிராயபாளையத்தில் ஒரு கல்யாணப் பேச்சு முறியப் பார்த்தது. முறிக்கப் பார்த்தவன் அடியேன்தான். அப்படி என்னத்தைப் பேசித் தொலைத்தாய் என்கிறீர்களா? ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் விஷயமே!

நான் வேலை பார்க்கும் விதை கம்பெனிக்குத் திடீரென்று ஒரு ஞானோதயம். மேனேஜர்களையெல்லாம் 'லீடர்'களாக மாற்ற வேண்டுமாம். கல்வராயன் மலைமேல் பத்து நாள் கேம்ப். அங்கேயே சாப்பாடு, அங்கேயே தூக்கம். வாசலிலேயே போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். விடியற்காலையில் மணி அடித்தால் எழ வேண்டும். வட்டமாகத் தரையில் உட்கார வேண்டும். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் மூச்சு விடக் கூடாது.

"நல்ல லீடர் கடைசியிலதான் பேசுவார். யாராவது கேள்வி கேட்டா உடனே பாயாதீங்க. மனசுக்குள்ள பத்து எண்ணுங்க..." ட்ரெய்னர் தினமும் இதையேதான் சொன்னார்.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் எப்பேர்ப்பட்ட வாயாடி என்று. அந்த நான் மலையில் அடங்கிப் போனேன். கடைசி நாள், 'இந்த பேட்ச்சிலேயே பொறுமையாகக் கேட்பவர்' என்று சொல்லி எனக்காக எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். கண் கலங்கிவிட்டது. சத்தியமாக!

கீழே இறங்கியதும் ஆரம்பித்தது வினை.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் கால் வைத்ததுமே காது அடைத்தது. வீட்டில் டிவி, மிக்சி, பக்கத்து வீட்டு டிரில்லிங் மிஷின். ஆபீசில் நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், யாரும் யாரையும் கேட்பதில்லை. இத்தனை வருஷமும் இப்படித்தானா இருந்தது? விடியற்காலையில் மணி அடிக்காமலே விழிப்பு வந்துவிடுகிறது... எழுந்து என்ன செய்வது? ஹாலுக்கும் மொட்டை மாடிக்கும் நடந்தேன். மாடியில் நின்றால் மலை தெரியும். பார்த்ததும் இன்னும் மோசம். உண்மையைச் சொல்கிறேனே, வீட்டுக்கு வந்ததில் எனக்குச் சந்தோஷமே இல்லை. திரும்ப ஓடிப் போய்விடலாம் போலிருந்தது.

என் மனைவி செல்வி சமையல்கட்டிலிருந்து ஏதோ சொன்னாள். பாய்ந்து பதில் சொல்லாமல், பயிற்சியில் சொன்னபடி, "நீ சொன்னதை நான் எப்படிப் புரிஞ்சிக்கினேன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"கேஸ் தீந்துடுச்சின்னு சொன்னேன். இதுல புரிஞ்சிக்கறதுக்கு இன்னா இருக்குது? போன் போட்டு சொல்லுங்க!"

இந்த நிலைமையில்தான் ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா மகள் கயலைப் பெண் பார்க்க, மணலூர்பேட்டையிலிருந்து வருகிறார்கள். பையன் கள்ளக்குறிச்சியில் ஒரு பைக் ஷோரூமில் அக்கவுண்டன்ட். அதே கட்டடத்தில் மாடியில்தான் கயலுக்கும் வேலை. மேற்கொண்டு நான் விளக்க வேண்டுமா என்ன? பையன் தன் வீட்டில் சொல்லி, தரகர் மூலமாக வருவதுபோல வரச் செய்திருந்தான். எங்கள் பக்கத்தில் இந்த ரகசியம் கயலுக்கு அடுத்து எனக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணைப் பார்த்து முடித்ததும், 'குடுக்கறீங்களா?' என்று பெண்ணின் அப்பாவைக் கேட்கமாட்டார்கள். தாய்மாமனைத்தான் கேட்பார்கள். 'முடியாது' என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதும் கிடையாது. மாமன் பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும், வந்தவர்கள் மரியாதையாக எழுந்து போய்விடுவார்கள்.

எனக்குத் தெரியாத வழக்கமா? பிறந்ததிலிருந்து பார்க்கிறேன்!

பையனின் அப்பா என் பக்கம் திரும்பினார். கரும்பு விவசாயி, வெயிலில் வெந்த முகம். "மாமன் நீங்க சொல்லுங்க. எங்க பையனுக்கு உங்க பொண்ணைக் குடுக்கறீங்களா?"

எனக்குள் எண்ணிக்கை ஓட ஆரம்பித்தது. ஒன்று... இரண்டு... முகத்தில் எதையும் காட்டாமல், முதுகை நிமிர்த்தி, அவர் கண்ணையே பார்த்தபடி. அவர் தன் மனைவியைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள். ஏழு... எட்டு... அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"இருங்க, சொல்றேன்!" என்று நான் வாயைத் திறந்தபோது அவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பரவால்லீங்க. அதான் சொல்லாமயே சொல்லிட்டீங்களே."

பின்னாலேயே ஓடினேன். அதற்குள் வேன் கிளம்பிவிட்டது.

அக்கா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். கயல் என்னைத் தனியே கூப்பிட்டு, குரலை உயர்த்தாமல் கேட்டாள். "ஒன்கிட்ட மட்டுந்தான சொன்னேன் மாமா? நீயே இப்பிடி பண்ணா நான் யார்கிட்ட போறது?"

அவள் திட்டியிருக்கலாம். அழுதிருக்கலாம். அப்படிக் கேட்டதுதான் தாங்கவில்லை.

மறுநாள் காலை மணலூர்பேட்டை பஸ் ஏறினேன். உட்கார சீட் இருந்தும் நின்றுகொண்டே போனேன். பையனின் அப்பா வீட்டு வாசலில் இருந்தார். "வாங்க" என்றார், அதோடு சரி. நான் உட்காருவதற்கு முன்பே எல்லாவற்றையும் கொட்டினேன். மலை, மணி, வட்டம், பத்து எண்ணுவது... எதையும் விடவில்லை. "எங்க பொண்ணைக் குடுக்கறோம். நூறு தடவை குடுக்கறோம். நான்தாங்க முட்டாத்தனம் பண்ணிட்டேன்" என்று முடித்தேன்.

அவர் பேசவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனசுக்குள் கெஞ்சினேன். ஏதாவது சொல்லுமய்யா! திட்டவாவது திட்டுமய்யா! பேசாமல் இருப்பவனுக்கு அது பயிற்சி. பதிலுக்காக எதிரே உட்கார்ந்திருப்பவனுக்கு? அவரும் அவர் மனைவியும் முந்தின நாள் என் எதிரே எப்படி உட்கார்ந்திருந்திருப்பார்கள் என்று அப்போதுதான் உறைத்தது.

"எங்க வூடு சின்னதுன்னு யோசிக்கறீங்கன்னு நெனைச்சிக்கினோம்" என்றார் கடைசியில். "எங்க வூட்டுக்காரி வழியெல்லாம் அழுதுகினே வந்தா." கொஞ்சம் நிறுத்தி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏங்க... பேசாம இருக்கறதுக்கா மலையேறிப் போயி படிச்சீங்க?"

உள்ளேயிருந்து அந்த அம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் அவரும் சிரித்தார்.

தெருமுனைக்கு வந்து கயலுக்கு போன் போட்டேன். சரி என்றுவிட்டார்கள் என்றேன். நெசமாவா, நெசமாவா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நான் மன்னிப்புக் கேட்டேன். இனிமேல் பேச்சைக் குறைத்து, நிதானமாக, எல்லோரும் சொல்வதைக் கேட்டு...

"அய்ய, வேணாம் மாமா!" என்று பதறினாள். "நீ எப்பயும்போல வளவளன்னு பேசிக்கினே இரு. நீ பேசலன்னா எங்களுக்கு பயமா இருக்குது."