பிள்ளையாரை அறியாத மடிக்கணினி

லக்சாயினி எதற்கும் முதலில் பிள்ளையார் சுழி போடுவாள். கிழமை நாட்களில் துறைமுகத்தடிக் கந்தோர் ஒன்றில் வேலை. சனி, ஞாயிறுகளில் கலியாணங்களை இணையத்தில் நேரலையாகக் காட்டுவாள். நாடு நாடாய்ச் சுற்றிவிட்டு வந்து சும்மா இருக்க முடியாத நான் அவளுக்கு வயர் பிடிப்பேன்.

கமெராப் படம் இணையத்துக்குப் போக, அவளுடைய லினக்ஸ் கணினியை இயக்கும் கருவுக்குள் மொடியூல் என்ற ஒரு சிறு மென்பொருள் துண்டை ஏற்ற வேண்டும். அது எப்படி நடக்க வேண்டும் என்று கட்டளையின் வாலில் சில அமைப்புகளைச் சேர்க்கலாம். லக்சாயினி முதல் அமைப்பாக 'பிள்ளையார் = 1' என்று எழுதுவாள். அப்படியொன்று எந்த மொடியூலுக்கும் தெரியாது. "தெரியாதது, விட்டுவிட்டேன்" என்று கணினி தன் பதிவில் ஒரு வரி முணுமுணுத்துவிட்டு மொடியூலை ஏற்றிவிடும்.

"பாத்தியே, அதுவும் கும்பிடுது" என்பாள்.

பாலையூற்றில் கௌசிகாவின் கலியாணம். தாய் கமலாதேவி சத்திரசிகிச்சை முடிந்து லண்டன் ஆசுபத்திரியில் படுத்திருந்தார். மகள் கழுத்தில் தாலி ஏறுவதை நேரலையில்தான் பார்க்க வேண்டும். முகூர்த்தம் நெருங்க, மாப்பிள்ளையின் மாமா ஒரு கிளாஸ் சர்பத்தை மடிக்கணினிக்கே குடிக்கக் கொடுத்துவிட்டார். அது அணைந்தது.

பக்கத்து ஸ்டூடியோ றுமைஸ் நானா தன்னுடைய மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"சரியான பழசு தங்கச்சி. ஒருநாளும் புதுப்பிக்கல்ல. ஆனா மொடியூல் எல்லாம் இதுக்குள்ள இரிக்கி."

லக்சாயினியின் விரல்கள் பழக்கத்தில் பிள்ளையாரையும் தட்டின. 'தெரியாத அமைப்பு: பிள்ளையார். மொடியூல் ஏற்றப்படவில்லை.' அந்தக் காலத்துக் கருவுக்கு விட்டுக்கொடுக்கத் தெரியாது. தெரியாத ஒன்று இருந்தால் முழுவதையும் வாசலிலேயே திருப்பிவிடும்.

"அழியுங்க தங்கச்சி!"

"கலியாண வீட்டில பிள்ளையாரை அழிக்கவோ? ஏலாது நானா!"

தொலைபேசியில் கமலாதேவி: "பிள்ளை, எல்லாம் கறுப்பாக் கிடக்குது. தாலி கட்டிப்போட்டினமோ?"

"இல்லை மாமி, இன்னும் இல்லை!" என்றாள் லக்சாயினி.

நான் மணவறைக்குப் பாய்ந்தேன். "ஐயா, இன்னொரு பிள்ளையார் தாங்கோ, கெதியா!"

"மெசினுக்கும் ஒண்டோ?" என்று சிரித்தபடியே ஐயர் மஞ்சளைப் பிடித்து அறுகம்புல் குத்தித் தந்தார். அதை மடிக்கணினிக்குப் பக்கத்தில் வெற்றிலையில் இருத்தினேன்.

"இப்ப அவர் வெளியில இருக்கிறார். உள்ளுக்கை அழி!"

கண்ணை மூடிக்கொண்டு அழித்தாள். மற்ற அமைப்புகளோடு மொடியூல் ஏறியது. மணவறை திரையில் பளிச்சென்று வர, கெட்டிமேளம் கொட்டியது.

தொலைபேசிக்குள்ளிருந்து கமலாதேவியின் குரவை ஒலி எழுந்தது. லண்டன் வார்ட்டில் தாதிமார் பதறி ஓடிவரும் சத்தம் பாலையூற்றில் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. கமலாதேவி நிறுத்தவில்லை.