தாரணிக்கு ஸ்னோ வெட்டிக் கொடுத்த எமில்டா அக்கா

எமில்டா அக்கா இன்று விடியற்காலையில் காலமாகிவிட்டார்...

வேலைக்குப் போகும் வழியில், எஸ்-பான் ரயிலில் நின்றபடி அவருடைய மகளின் மெசேஜைப் பார்த்தேன். இறங்கவேண்டிய ஸ்டேஷன் போனதே தெரியவில்லை.

தெரியாதவர்களுக்கு... அக்கா மன்னார்க்காரர். பிராங்பேர்ட்டில், விமானங்களுக்குச் சாப்பாடு அனுப்பும் கிச்சனில் நானும் அவரும் ஒரே ஷிஃப்ட். எதிரெதிரே நின்று ட்ரே அடுக்குவோம். அக்காவுக்குக் கையும் ஓயாது, வாயும் ஓயாது.

அவர் வீட்டுச் சமையலறை மேசையில் ஒரு கட்டிங் மெஷின் இருந்தது. பார்த்தால் பிரின்டர் மாதிரி, ஆனால் மைக்குப் பதில் ஒரு குட்டி பிளேடு. போனில் படம் வரைந்து அனுப்பினால் பேப்பரை அப்படியே வெட்டித் தரும். மகளின் முதல்நன்மைச் சடங்குக்கு இன்விடேஷன் செய்ய வாங்கியது.

முதல்முறை பார்த்தபோது வெள்ளை அட்டை உள்ளே போய் லேஸ் துணி போல வெளியே வந்தது. நான் வாய் பிளந்து நின்றேன்... அக்காவோ மாட்டை அதட்டுவது போல மெஷினை அதட்டிக்கொண்டிருந்தார். "இழுக்காதை! மெதுவாப் போ எண்டெல்லே சொன்னனான்!"

என் மகள் தாரணிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை.

அவள் முதலாம் வகுப்பில் இருந்த குளிர்காலம். ஸ்னோ கொட்டிக்கொண்டிருந்தது. பால்கனியில் கையை நீட்டியபடி நின்றாள்.

"அம்மா, ஸ்னோ ஒவ்வொண்டும் நட்சத்திரம் மாதிரி இருக்கும் எண்டு டீச்சர் சொன்னவ. எனக்குத் தண்ணியாய்த்தானே வருது?"

அவளுடைய ஈரக் கையைத் துடைத்துவிட்டேன்.

அடுத்த நாள் வேலையில், இடைவேளை நேரம் அக்காவிடம் சொல்லி அழுதுவிட்டேன். பாணைக் கடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"தடவிப் பாக்க முதலே கரைஞ்சு போகுது, என்ன?" அவ்வளவுதான் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கேக் பெட்டி. திறந்தால் உள்ளே கேக் இல்லை.

ஸ்னோ!

அட்டையில் வெட்டியது, ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டளவு. மைக்ரோஸ்கோப்பில் எடுத்த உண்மையான படங்களைத் தேடிப் பிடித்து வரைந்திருக்கிறார். தடித்த அட்டையை மெஷினால் வெட்ட முடியவில்லையாம். அதனால் ஒரே வடிவத்தை மெல்லிய அட்டையில் திரும்பத் திரும்ப வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி உயர்த்தியிருந்தார். பிள்ளையின் விரலில் குத்தக்கூடாது என்று ஒவ்வொரு முனையையும் நகம் தேய்க்கும் அரத்தால் மழுக்கியிருந்தார்.

தாரணி விரலை வைத்தாள். நடுவிலிருந்து ஒரு கிளை வழியே வெளியே போனாள். திரும்பி வந்தாள். அடுத்த கிளை...

"ஆறு!"

இன்னொன்றை எடுத்தாள். "இதிலயும் ஆறு! ஆனா இது வேறை!"

"ஓமம்மா. ஒண்டைப் போலை இன்னொண்டு இல்லை."

"அன்ரி, இதை நீங்கள் மெஷினிலை வெட்டினீங்கள். மேலை ஆர் வெட்டுறது?"

அக்கா இன்னொரு ஸ்னோவை எடுத்து அவள் கையில் வைத்தார்.

போகும்போது வாசலில் நின்று மெல்லச் சொன்னார். "இவ்வளவு வருசமும் வழுக்குது எண்டு திட்டினதுதான் பிள்ளை. இதை வெட்டேக்கைதான் நானும் ஸ்னோவைப் பாத்தனான்."

அதற்குப் பிறகு தாரணியிடமிருந்து ஒரே ஓடர்தான்... எல்லாம் தொட முடியாத சாமான்கள். மின்னல். மெழுகுதிரிச் சுவாலை. சிலந்தி வலை.

இலையுதிர்காலத்தில் எங்கள் வீட்டுக்கு மேலால் கிரானிஷ் என்னும் நாரைகள் கூட்டமாகக் கத்திக்கொண்டு தெற்கே போகும். "அதுகள் எப்பிடிப் போகுதுகள்?" என்று கேட்டாள்.

அக்கா தடித்த துணியில் பறவை பறவையாக வெட்டி வந்து எங்கள் நடைச் சுவர் முழுக்க ஒட்டினார். மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை. போகப் போக இரண்டும் நெருங்கும்.

தாரணி ஒரு கையை மேலும் ஒரு கையைக் கீழும் வைத்து நடந்தாள். கடைசியில் இரண்டு கையும் ஒரே பறவையில் வந்து சந்தித்தன.

"இதுதான் முன்னுக்குப் போறதோ?"

"ஓம். அது களைச்சால் பின்னுக்கு வந்திடும். வேறொண்டு முன்னுக்குப் போகும்."

அன்று எத்தனை தடவை அந்தச் சுவரோரம் நடந்தாள் என்று தெரியாது. நான் தேத்தண்ணியை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்...

இந்த வசந்தத்தில்தான் அக்காவுக்குப் புற்றுநோய் வருத்தம் என்று தெரியவந்தது. போன கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

"அன்ரி, நான் உங்களைப் பாக்கட்டோ?" என்றாள் தாரணி. அதுவரை அவள் அக்காவின் கைகளை மட்டும்தான் தொட்டிருக்கிறாள்.

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். "பார் ராசாத்தி. ஆறுதலாய்ப் பார்."

நெற்றி, மருந்தில் உதிர்ந்துபோன புருவம், ஒட்டிய கன்னம்... அவள் அவசரப்படவேயில்லை. மருந்தோடு வந்த நர்ஸ் கூட வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

"அன்ரி, சிரிக்கிறீங்கள்!"

"கூசுதடி..."

சனிக்கிழமை அடக்கம். தானும் வரவேண்டும் என்கிறாள் தாரணி.

கூட்டிக்கொண்டு வாறன் அக்கா...