வண்டியைக் காட்டினால்தான் கியர்பாக்ஸ்

யசோதா அக்கா யாரையும் சுலபத்தில் நம்பமாட்டார். ஈஜிபுராவில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில்தான் அவருடைய பட்டறை. பழைய கார்களுக்கு இப்போது எங்கும் கிடைக்காத கியர்பாக்ஸ்களைத் தேடிப்பிடித்துப் பழுது பார்த்துக் கொடுப்பது தொழில். அதற்கு முன் பொம்மனஹள்ளியில் பல்சக்கரம் செய்யும் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருந்தார். நல்ல சக்கரம் தானாகப் போய்விடும். கெட்டதைப் பிடிப்பதுதான் வேலை. அந்தக் கண் அவரோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. தக்காளியைக்கூட நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துத்தான் எடுப்பார்.

போன வருடம் அவர் வாங்கி மாட்டிய ஒரு கியர்பாக்ஸ் திருட்டுப் பொருள் என்று தெரியவந்து, போலீஸ் வந்து, மாட்டிய காரிலிருந்தே அதைக் கழற்றிக்கொண்டு போனது. இன்னொரு முறை அப்படி நடந்தால் பட்டறையை மூட வேண்டியதுதான். அதிலிருந்து, எந்தக் காரில் இருந்தது என்று கண்ணால் பார்க்காமல் எதையும் வாங்குவதில்லை.

இந்த முறை தேடல் க்ளென் என்பவரின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பழைய காருக்காக. கியரின் பற்கள் உடைந்து வண்டி மாதக்கணக்கில் நின்றிருந்தது. க்ளெனின் பொறுமை போய்விட்டது. திங்கட்கிழமைக்குள் கிடைக்காவிட்டால், வேறு மெக்கானிக்கிடம் விட்டு, காரின் தரையை வெட்டி ஏதோ ஒரு வேனின் கியர்பாக்ஸை வைக்கப்போவதாகச் சொல்லிவிட்டார். வெட்டினால் வெட்டியதுதான்.

சனிக்கிழமை சந்தாபுராவிலிருந்து கோவிந்தப்பா என்பவர் ஃபோன் செய்தார். ஹெரால்டு பாக்ஸ் இருக்கிறதாம். படமெடுக்க அக்கா என்னையும் கூட்டிப்போனார். பட்டம் வாங்கி வேலை தேடிக்கொண்டிருந்த எனக்கு, அப்பாவின் கேள்விகளிலிருந்து தப்பிக்க அது ஒரு வழி.

கோவிந்தப்பா வாசலிலேயே சாக்கின் மேல் பாக்ஸை வைத்துக் காத்திருந்தார். அக்கா மூடியைத் திறந்து, ஆயிலை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். தேய்ந்த பற்களின் சத்தத்தை அமுக்க மரத்தூள் கலப்பவர்கள் உண்டு. இதில் இல்லை. பற்களும் நன்றாக இருந்தன. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

“வண்டி எங்கண்ணா?”

எப்போதோ எடைக்குப் போட்டாகிவிட்டது என்றார் கோவிந்தப்பா.

“எடைக்குப் போட்ட வண்டியோட ஆயிலு இப்பதான் சாக்குல வடியுதா?”

அவர் பார்வை ஒரு கணம் பக்கத்துச் சந்துக்குப் போய்த் திரும்பியது. அது போதும் அக்காவுக்கு. சந்தில் நீலத் தார்ப்பாய்க்கு அடியில் ஹெரால்டு முழுசாக நின்றது. உள்ளே கியர் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை.

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. கார் இறந்துபோன அப்பாவுடையது. இவருக்கும் அடுத்த தெருவில் இருக்கும் தம்பி சீனுவுக்கும் பொது. தம்பி என்றைக்காவது சொல்லாமல் ஓட்டிக்கொண்டு போய்விடுவான் என்று பயம். பாக்ஸை விற்றுவிட்டால் வண்டி நகராதல்லவா?

தம்பி வந்து சொன்னால்தான் வாங்குவேன் என்றார் அக்கா. முடியாது என்றார் கோவிந்தப்பா. வாங்கிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. இப்படிச் சந்தேகப்படுவது அறிவா, வியாதியா? அக்கா பையை எடுத்துக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டார். விஷயம் எப்படியும் தம்பி காதுக்குப் போய்விடும் என்று கோவிந்தப்பாவுக்குப் பட்டிருக்க வேண்டும். அவரே ஃபோன் போட்டார்.

சீனு வந்ததும் அண்ணனைத் திருடன் என்றார். அவர்கள் கத்திக்கொண்டிருக்கும்போதே அக்கா பானெட்டைத் தூக்கினார்.

“இங்க கார்புரேட்டரும் காணோமே.”

அது இல்லாமல் அண்ணனால் வண்டியைக் கிளப்ப முடியாதென்று, போன மாதமே தான் கழற்றி வைத்துவிட்டதாகச் சீனு முணுமுணுத்தார்.

“போன மாசமே கழட்டிட்டியாடா?” என்றார் கோவிந்தப்பா. “நான் பரவால்ல போல.”

அதன் பிறகு பேச்சு எளிதாக முடிந்தது. வண்டி மற்றவனுக்குக் கிடைக்காவிட்டால் சரி என்று, பாக்ஸை விற்க இருவரும் ஒத்துக்கொண்டார்கள். அக்கா இருவரின் ஆதார் அட்டையையும் காரின் ஆர்.சி. புத்தகத்தையும் வாங்கி, அப்பா பெயர் ஒன்றுதானா என்று பார்த்தார். காரின் நம்பர் தெரிய, பாக்ஸை ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி நிற்கவைத்து என்னைப் படமெடுக்கச் சொன்னார்.

ஆட்டோவில் வரும்போது க்ளெனைக் கூப்பிட்டார்.

“தரைய வெட்டாதீங்க சார். பாக்ஸு கிடைச்சிடுச்சு.”

திருட்டு மால் இல்லையே என்று க்ளென் கேட்டது எனக்கும் கேட்டது. அக்காவின் முகம் சுருங்கிவிட்டது.

“என்ன சார், எம்மேலயே சந்தேகமா?”

சந்தேகம் இல்லையாம். ஆனால் மாட்டும்போது தானும் பக்கத்தில் இருப்பாராம். அக்கா ஃபோனை வைத்தார்.

“வரட்டும்,” என்றார். “வந்து பாத்துட்டுப் போவட்டும்.”