ஊலாங் இலையின் இரண்டாம் தண்ணீர்

எங்கள் நிலத்தில் வேலை செய்தவர் என் வீட்டில் எதில் டீ குடித்தார் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் எழுத மாட்டேன். மாட்டுக்கொட்டகைச் சுவரில் ஓர் அலுமினிய டம்ளர் கவிழ்ந்திருக்கும். அவரே எடுப்பார், நான் தூக்கி ஊற்றுவேன், குடித்துவிட்டு அவரே கழுவிக் கவிழ்ப்பார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். இப்போது ‘அவர்’ என்று எழுதுகிறேன். அப்போது ‘வா, போ’ தான். தீண்டாமை குற்றம் என்று பள்ளியில் பல வருடம் பாடம் நடத்தியவன் நான்.

இரண்டாயிரத்துக்குச் சற்றுப் பிறகு என் மகன் தைவானுக்கு வேலைக்குப் போனான். அங்கிருந்து உத்திரமேரூருக்கு ஊலாங் தேயிலை அனுப்பினான். பாதி பச்சை, பாதி கறுப்பு என்று சொல்லும்படியான இலை. ஒரு டப்பாவில் மிளகு போல உருண்டிருந்தது. ஒன்றில் கருகலாக, வறுத்தது. இன்னொன்றில் பால் வாசனை. முதல் நாள் பாலும் சர்க்கரையும் போட்டுக் கொதிக்கவிட்டேன். வாயில் வைக்க முடியவில்லை. ஒரே இலையில் நாலைந்து முறை வெந்நீர் ஊற்றலாம் என்று பிறகு மகன் எழுதினான். நம் ஊர்த் தூளுக்கு இரண்டாம் தண்ணீர் என்றால் கழுவின தண்ணீர். அதனால் முதல் தண்ணீரை நான் குடித்தேன். அதே இலையில் மறுபடி ஊற்றியதை அந்த டம்ளருக்குக் கொடுத்தேன்.

எனக்கு எதுவும் தெரியவில்லை. எல்லாமே வைக்கோல் ஊறின தண்ணீர். அவருக்கோ ஒவ்வொன்றும் வேறாக இருந்தது.

“இன்னா சார் இது, நெல்லு பூ புடிக்கிற நேரத்துல வயல்ல ஒரு வாசன வரும்ல, அது இதுல கீது” என்றார் உருண்டை இலைக்கு. கருகலுக்கு, “அரிசி வறுக்கசொல்ல தீயறதுக்கு முந்தி எறக்கிட்டாப்ல கீது.” பால் வாசனை இலையைக் குடித்துவிட்டு, “கன்னு போட்ட வூடு சார், சீம்பாலு” என்று சிரித்தார்.

மகன் விடுமுறையில் வந்தபோது இதைச் சொன்னேன். அவன் துள்ளினான். “அப்பா, முதல் தண்ணிய கீழ ஊத்திடணும். இலை விரியறதே ரெண்டாவதுலதான். நல்லதையெல்லாம் அவருக்குக் குடுத்திருக்கீங்க!”

மறுநாள் காலை கூடத்து மேசையில் சின்னச் சின்னக் கிண்ணங்களைப் பரப்பினான். புதிதாக ஒரு டப்பா கொண்டுவந்திருந்தான். கொல்லையில் நின்றவரைக் கூப்பிட்டான். “அண்ணே, உள்ள வாங்க. எங்கப்பா நாக்கு செத்துப்போச்சு. நீங்கதான் சொல்லணும்.”

அவர் கால் கழுவிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லாததால் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

“இது பூச்சி கடிச்ச இலைண்ணே. கடிச்சாதான் தேன் வாசனை வரும்.”

“நாம பூச்சிக்கு மருந்து அடிச்சிக்கினு பேஜாராவறோம், அங்க டீ போட்டுக் குடிக்கிறானுங்களா!”

மகன் அவர் கையில் கிண்ணத்தைக் கொடுத்தான். எழுந்தேன், உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே தெருவில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தேன். யாரும் இல்லை. இருந்தும் சொன்னேன்: “அவன் டம்ளர் வெளிய இருக்குதுல்ல, அதுல ஊத்து.”

அவர் கிண்ணத்தை முகர்ந்தார். குடிக்கவில்லை. மேசைமேல் சிந்தாமல் வைத்தார். “சார் சொல்றது சரிதான் தம்பி. இது ஒரு மொடக்குக்குக்கூட பத்தாது” என்று சிரித்துவிட்டு எழுந்து போனார். மகன் கிண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டிக்குள் வைத்தான். அவர் மறுநாள் வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை.

மகன் தைவானுக்குத் திரும்பிய பின் எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. சாலவாக்கம் பக்கம் அவருடைய காலனி. மன்னிப்புக் கேட்கலாம் என்று மொபெட்டில் கிளம்பி, ஏரிக்கரைவரை போய் இரண்டு முறை திரும்பிவிட்டேன். மூன்றாம் முறை போய்ச் சேர்ந்தேன்.

நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். வாலாஜாபாத்தில் அரிசி ஆலைக்குப் போவதாகச் சொன்னார். உள்ளிருந்து அவர் மனைவி இரண்டு எவர்சில்வர் டம்ளரில் பால் டீ கொண்டுவந்தார். ஒன்றை என்னிடம் நீட்டினார்.

“இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்மா” என்றேன்.

காலையிலிருந்து நான் எதுவும் குடித்திருக்கவில்லை. அந்தப் பொய் யோசிக்காமல் வந்தது. காலனிக்குப் போனால் சொல்வதற்கென்றே எங்கள் தெருவில் எல்லோரும் வைத்திருந்த வாக்கியம் அது. அவருக்கும் அது தெரியும்.

“ஆறிப்போவுது குடு” என்று மனைவியிடமிருந்து வாங்கி, இரண்டையும் அவரே குடித்தார்.

அதற்குமேல் எதைக் கேட்பது? மழையைப் பற்றி ஏதோ பேசினேன். எழுந்தேன். வண்டி நாலைந்து உதைக்கும் கிளம்பவில்லை. அவர் வந்து, “தள்ளி நில்லுங்க சார்” என்று ஒரே உதையில் கிளப்பிக் கொடுத்தார்.