அத்தையின் காலும் என் கையும்

கல்கத்தாவில் டாலிகஞ்ச் மெட்ரோ நிலையத்தைத் தாண்டி வடக்கே நடந்துகொண்டிருந்தேன். எனக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூடப் பையில் இரண்டு சட்டை, ஒரு துண்டு, விஸ்வகர்மா பூஜைக்குக் கிடைத்த நான்கு லட்டு. புத்தகங்களைக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு வந்திருந்தேன். அந்தப் பூஜையன்று ஊரே பட்டம் விடும்; வானம் முழுக்கப் பட்டங்கள். ஒவ்வொரு மொட்டைமாடியிலும் யாரோ யாருடைய நூலையோ அறுத்துவிட்டுக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அத்தையின் வீட்டை விட்டு நான் போவதை யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு அங்கே இருந்த வேலை அன்று காலை முடிந்துவிட்டது. வேலை முடிந்தால் கிளம்ப வேண்டியதுதான் என்று நினைத்தேன். பிற்காலத்தில் பல ஊர்களில் பல வேலைகளை அப்படித்தான் விட்டேன். ஆனால் முதல் வேலை அதுதான். நான் ஒரு காரின் பிரேக்காக இருந்தேன்.

அம்மா இறந்த வருடமே அப்பாவுக்கு வேறு துறைமுகத்துக்கு மாற்றல் வந்தது. கார்டன் ரீச் துறைமுகக் குவார்ட்டர்ஸைக் காலி செய்த அன்று, என்னைத் தன் அக்கா வீட்டில் விட்டுவிட்டுப் போனார். போன ஊரில் அவருக்குப் புது மனைவி வந்த செய்தி கடிதத்தில் வந்தது. அத்தைக்குப் பிள்ளைகள் இல்லை. மாமா சினிமா ஸ்டுடியோக்களுக்குப் பழைய கார்களை வாடகைக்கு விட்டவர். அவர் இறந்தபோது மிஞ்சியது ஒன்றுதான். வெள்ளைக்காரன் காலத்துக் கறுப்புக் கார், தவளைக் கண் போல முன்விளக்குகள். பழைய கல்கத்தாவைப் படமெடுக்கிறவர்கள் அதைக் கூப்பிடுவார்கள். ஜமீன்தார், திருடன், புதுப்பெண் எல்லோரும் அதிலிருந்துதான் இறங்கினார்கள். ஸ்டுடியோ வரைக்கும் அத்தையே ஓட்டிப்போவாள்.

ஓட்டுவது அவளுக்குச் சுலபம். நிறுத்துவதுதான் பாடு. மிதியிலிருந்து சக்கரம்வரை வெறும் இரும்புக் கம்பிகளாலான பிரேக் அது. மாமாவின் கனத்துக்குக் கட்டுப்பட்டது. அத்தை இருக்கையிலிருந்து எழுந்து நின்று மிதித்தாலும் யோசித்துக்கொண்டே போகும். அதனால் நான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, நடுவில் இருக்கும் கைபிரேக்கைப் பிடித்துக்கொண்டிருப்பேன். "இழுல!" என்பாள். அவள் காலும் என் கையும் சேர்ந்தால் கார் நிற்கும். அவள் திருநெல்வேலியை விட்டு வந்து முப்பது வருடம். தெருவில் எல்லோரிடமும் வங்காள மொழிதான். அந்த 'ல' எனக்கு மட்டும்.

மூலைக் கராஜின் மிஸ்திரிக்கு அத்தை 'தீதி', அதாவது அக்கா. எங்களைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பார். "தீதி, உங்க கார்ல ரெண்டு பிரேக். ஒண்ணு துருப்பிடிச்சது, இன்னொண்ணு பள்ளிக்கூடம் போவுது."

எனக்கு அதில் பெருமை. வகுப்பில் கணக்கு வராது, வங்காள எழுத்தும் சரியாக வராது. ஆனால் நான் இல்லாமல் ஒரு கார் நிற்காது.

பூஜைக்கு மூன்று வாரம் முன்னால் ரயில் பாலத்து இறக்கத்தில் வந்துகொண்டிருந்தோம். ஒரு பட்டம் அறுந்து மின்கம்பியைத் தாண்டி மிதந்தது. நான் அதைப் பார்த்தேன். முன்னால் ஒரு ஆட்டோ சட்டென்று நின்றது. "இழுல!" என்ற குரல் கேட்டு நான் இழுத்தபோது ஒரு நொடி தாமதம். பல்சக்கரம் நழுவி, கைப்பிடி திருப்பி அடித்தது. மறுபடி இழுத்தேன். ஆட்டோவின் பின்புறத்துக்கு ஒரு சாண் இடைவெளியில் கார் நின்றது. உள்ளே இருந்த கிழவர் திரும்பிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்து வேர்க்கடலை தின்றார்.

மதியம் இடது கையால் சாப்பிட்டேன்.

"கையக் காட்டு."

"ஒண்ணுமில்ல அத்த."

"காட்டுங்கேன்ல."

வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. அத்தை அதைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பி வெகுநேரம் நின்றாள். அடுப்பு எரியவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் சரியாகப் போயிருக்கும்.

மறுநாள் காரைக் கராஜில் விட்டாள். மிஸ்திரி பழைய உதிரிபாகம் விற்கும் மல்லிக் பஜாரிலிருந்து, மோதி நசுங்கிய ஏதோ சின்னக் காரின் முன்சக்கர பிரேக் தட்டுகளும் ஒரு கறுப்பு டப்பாவும் கொண்டுவந்தார். கம்பிகளைக் கழற்றி எறிந்துவிட்டு ஆயில் பிரேக். "நீங்க கொஞ்சம் மிதிங்க தீதி, மிச்சத்த இந்த டப்பா மிதிக்கும்." ஸ்டுடியோ ஆள் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "சக்கரத்து இடுக்குல தட்டு தெரியுதே, ஜமீன்தார் காலத்துல இது ஏது?" என்றார். "உங்க ஜமீன்தார் முழுசா இறங்கணுமா வேண்டாமா?" என்றாள் அத்தை.

ஆயில் குழாயிலிருந்து காற்றை வெளியேற்ற ஒருவர் மிதிக்க வேண்டும், ஒருவர் அடியில் படுத்துத் திருகைத் திறக்க வேண்டும். மிதிக்க என்னைக் கூப்பிடுவார்கள் என்று வாசலில் நின்றேன். அத்தையே ஏறி உட்கார்ந்தாள். அடியிலிருந்து மிஸ்திரி "டேப்போ… தொரோ… சாடோ…" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மிதி, பிடி, விடு. அவள் மிதித்தாள், பிடித்தாள், விட்டாள். நான் கட்டுப் போட்ட கையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூஜையன்று காலை காருக்குச் சாமந்தி மாலை. சோதித்துப் பார்க்கக் கிளம்பினோம். என் இடத்தில் மிஸ்திரி உட்கார்ந்திருந்தார்.

"நீ பின்னால ஏறுல" என்றாள் அத்தை.

பின்னிருக்கையில் புதிதாக ஒரு பட்டை கிடந்தது, நுனியில் கொக்கி.

"அதக் கட்டிக்கோ."

"எதுக்கு?"

"சொன்னா கேளேன்ல."

நான் அதைச் சுருட்டித் தொடைக்கடியில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்தேன். அத்தை அதே ரயில் பாலத்துக்குப் போனாள், அதே இறக்கத்தில் விட்டாள். நான் இழுக்க வேண்டிய இடம் வந்தது. என் கை காற்றை இழுத்தது. அத்தை உட்கார்ந்தபடியே காலை வைத்தாள். கார் அப்படியே நின்றது. என் நெற்றி முன்னிருக்கையில் போய் இடித்தது.

"கட்டலியா நீ?" என்று திரும்பிக் கத்தினாள். அதற்குள் மிஸ்திரி கைதட்டினார். "பாத்தீங்களா தீதி, இனிமே யாரும் வேண்டாம். உங்க கால் ஒண்ணு போதும்!" அத்தை சிரித்தாள். சிரித்துக்கொண்டே சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். மாமா போனபிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. யாரும் வேண்டாம் என்பது மட்டும் எனக்குக் கேட்டது.

அன்று நடந்தே மைதானத்தைத் தாண்டி, படகுத்துறையில் கூட்டத்தோடு கூட்டமாகப் படகில் ஏறி, அக்கரையில் ஹவுரா போய்ச் சேர்ந்தபோது லட்டு தீர்ந்திருந்தது. திரும்பிப் போகாததற்குக் காரணம் முதல் வாரம் கோபம், பிறகு வெட்கம். அத்தை தேடியிருப்பாள். மூன்று வருடம் கழித்து அந்தத் தெருவுக்குப் போனேன். வீட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள். கராஜ் இருந்த இடத்தில் மருந்துக்கடை. இப்போது லாரி ஓட்டுகிறேன். வேறு யாராவது ஓட்ட நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், இறக்கம் வரும்போது என் வலது கை இன்னும் எதையோ தேடும்.

அந்தக் காரில் பெல்ட் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஓட்டுகிறவளுக்குக்கூட இல்லை. அதை யோசித்துப் பார்க்க எனக்கு இருபது வயதாக வேண்டியிருந்தது.

வீட்டை விட்டு வந்த மறுநாள் காலை, ஹவுரா ஸ்டேஷனுக்குப் பின்னால், இரும்புக் கம்பி ஏற்றிய கைவண்டியோடு ஒருவர் ஆள் தேடிக்கொண்டிருந்தார். ஏற்றத்தில் தள்ள ஆள் இருந்தது. இறக்கத்தில் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கத்தான் ஆள் வேண்டும். பிடிக்கத் தெரியுமா என்று இந்தியில் கேட்டார். தெரியும் என்றேன். வண்டியின் கயிற்றைக் கொடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ளச் சொன்னார். எதுக்கு என்று கேட்காமல் கட்டிக்கொண்டேன்.