வேட்டைக் குழலில் பிறை

போன வருஷம் நோன்பு இருபத்தொன்பதாம் நாள் மாலை நான் பிறையைப் பார்த்தேன். பள்ளிவாசல் மொட்டைமாடியில், இரவல் வாங்கிய தொலைநோக்கியில், சத்தியமாகப் பார்த்தேன். பள்ளிவாசல் இமாமான ஹஜ்ரத், பார்த்ததாகச் சொல்லும் எல்லோரிடமும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"கொம்பு எந்தப் பக்கம் பாத்துச்சு?"

"கீழே, ஹஜ்ரத்."

மாடியே சிரித்தது. ரங்கூனில் பெருநாள் பிறை தோணிபோல மல்லாந்து கிடக்கும். கொம்புகள் மேலே பார்க்கும். என் சாட்சி எடுபடவில்லை. மறுநாள் பெருநாள் ஆகாமல் அன்றும் நோன்பு வைத்தோம்.

அது நட்சத்திரம் பார்க்கிற தொலைநோக்கி. எதிர்க் கட்டடத்துக் காகம் அதில் தலைகீழாக நடந்தபோதுதான் விஷயம் புரிந்தது. வீடு வீடாகப் போய் நான் புளுகவில்லை என்று சொல்லவா முடியும்?

இந்த வருஷம், ஜப்பானிலிருந்து வரும் பழைய சாமான்களை விற்கும் ரங்கூன் கடைகளில் ஏறி இறங்கினேன். ஒரு கடைக்கார அம்மா இரண்டு ஸ்பாட்டிங் ஸ்கோப்புகளை எடுத்து வைத்தார். மலைச்சரிவில் மேயும் மானை வேட்டைக்காரர்கள் தூரத்திலிருந்தே பார்க்கும் குழல் அது. மானைத் தலைகீழாகக் காட்டினால் எவன் வாங்குவான்? இது நேராகத்தான் காட்டும். ஒன்று அறுபது மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி சின்னது. மற்றது இருபது மடங்குதான், முன்கண்ணாடி தேநீர்க் கோப்பையின் வாயளவு. என் கை அறுபதுக்குத்தான் போனது. வாசலில் நின்று தூரத்துப் பெயர்ப்பலகையைத் தேடினேன். அறுபதில் அதைக் கண்டுபிடிக்கவே நேரமாயிற்று. கண்டபோது மங்கலாக நடுங்கியது. இருபதில் பளிச்சென்று நின்றது. வேட்டைக்காரனுக்கும் எனக்கும் அந்தி வெளிச்சத்தில்தான் வேலை. இருபதையே முக்காலியோடு வாங்கினேன்.

"ஏங்க, நம்ம மாடியில மான் மேயுதா?" என்றாள் மனைவி.

ஒரு மாதம் தினமும் பழகினேன். சூரியன் முழுக்க இறங்கிய பிறகே மூடியைக் கழற்ற வேண்டும். குழலைத் தொட்டுக்கொண்டே பார்த்தால் படம் ஆடும். ஆற்றுக்கு அக்கரையில் நிற்கும் கொக்கின் கழுத்துவரை எனக்கு அத்துப்படி ஆயிற்று.

இருபத்தொன்பதாம் நாள் வந்தது, மேகமும் வந்தது. பெருநாளுக்கு இரண்டு சாட்சி வேண்டும். ஒருவர் பார்த்துவிட்டதாகச் சொல்லியிருந்தார். எல்லோரும் என் முதுகுக்குப் பின்னால் கூடி நின்றார்கள். மேகத்தின் இடுக்கில் வெள்ளையாக ஒரு கீற்று தெரிந்தது. கண் சிமிட்டினேன், காணோம். பிறையா, மேகத்தின் ஓரமா?

"தெரிஞ்சுச்சா? கொம்பு எந்தப் பக்கம்?" என்றார் ஹஜ்ரத்.

பதில் ஒரு வருஷமாக என் நாக்கிலேயே இருந்தது. மேலே என்று சொன்னால் போதும். போன வருஷச் சிரிப்புக்கெல்லாம் அதுவே பதிலாகிவிடும். சொல்ல எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

"நான் பிறையப் பாக்கல, ஹஜ்ரத்."

யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான் சொன்னதை அந்த மாடியில் எல்லோரும் உடனே நம்பினார்கள்.